யாருடைய பூஜ்யம்

சவரிமுத்துவின் இடது கால்விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி, காலுக்கடியில் எதையோ கவ்விப் பிடித்திருப்பதுபோல இறுகிக் கிடந்தன. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் பச்சை எரிந்தது. பச்சை என்றால் வலி இல்லை.

செல்லக்கனி விரல்களைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். இரண்டில் ஒன்று பொய். எது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

அப்போதுதான் அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியே ஆக வேண்டும். புரட்டாவிட்டால் முதுகில் புண் விழும். புரட்டினால் உடைந்த இடுப்பெலும்பு உள்ளே உரசும். அவளுடைய ஷிஃப்டில் மட்டும் நான்கு முறை. ஒருமுறைகூட அவர் சத்தம் போடமாட்டார். மூச்சை நிறுத்திக்கொள்வார். விரல்கள் மடங்கும்.

அவருக்கு எழுபத்தொரு வயது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் லோடுமேன். தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்ட ஒற்றைப் பலகையில் மூட்டையோடு நடந்த ஆள். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. உணர்வு போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு வீட்டில் விழுந்தார். லேசாக வழுக்கிவிட்டது என்று சொல்லித்தான் மகள் ரோஸ்லின் அமைதிக்கரை பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டுத் திருப்பூர் போனாள். அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும். ஐந்தாம் நாள் கால் வீங்கிய பிறகு படம் எடுத்தார்கள். இடுப்பு உடைந்திருந்தது. அறுவை செய்தால் இதயம் தாங்காது, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

செல்லக்கனிக்கு நாற்பத்தாறு. பத்தொன்பது வருடம் உப்பளத்தில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்குகிற வரப்பில் நடந்து கரையில் கொட்டுகிற வேலை. சுமைக்கு அடியில் வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும், கால் நழுவும். அதனால் வாய் மூடிக்கொள்ளும், கால்விரல் தரையைப் பிடிக்கும். பலகையில் நடந்தவருக்கும் அதே பழக்கம். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தலைமை நர்ஸ் ஜெபராணியிடம் போனாள்.

"சிஸ்டர், பதினாலாம் பெட்டு அண்ணாச்சிக்கு வலி இருக்கு."

"பச்சையாத்தான காட்டுது?"

"காலு வெரல வந்து பாருங்க."

"காலு வெரல சார்ட்ல எழுத முடியுமா, செல்லக்கனி?"

ஜெபராணி கெட்டவள் இல்லை. எழுந்து வந்து பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் அவருடைய திரையில் பட்டையின் கோட்டைப் பார்த்தார். மூன்று மாதமாக ஒரே நேர்க்கோடு, பச்சை. காரணமில்லாமல் மார்ஃபின் கொடுத்தால் மூச்சு அடங்கிவிடும், வழக்கமான மாத்திரையே போதும் என்று வைத்துவிட்டார்.

அவர் ஒப்புக்கொண்டிருந்தாலும் அலமாரி திறந்திருக்காது. மார்ஃபின் இருக்கும் அந்தச் சின்ன இரும்பு அலமாரிக்குச் சாவி கிடையாது. யாருடைய பட்டை ஆரஞ்சுக்கு வருகிறதோ அவர் பேருக்கு மட்டும் தானாகத் திறக்கும். முன்பு சாவி இருந்தது. ஷிஃப்ட் தொந்தரவில்லாமல் கழிய வேண்டும் என்று கிழங்களுக்கெல்லாம் மருந்தை ஊற்றித் தூங்க வைத்த இல்லங்கள் இருந்தன. ஒரு மாவட்டத்தில் ஒரே வாரத்தில் ஆறு பேர் தூக்கத்திலேயே போனார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது, பட்டை வந்தது, வாசலில் பலகை வந்தது. "வலியற்ற நேரம்: 98.4 சதவீதம்" என்று போகிறவர் வருகிறவர் படிக்கும்படி அது ஒளிரும். அது தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் உரிமம் போய்விடும்.

பட்டை வந்த புதிதில் செல்லக்கனி அதைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். மூன்றாம் படுக்கையில் ஒரு பாட்டி, நினைவு தப்பியவள், சோற்றைத் துப்பிக்கொண்டே இருந்தாள். திமிர் என்று எல்லாரும் திட்டினார்கள். பட்டை சிவப்பு காட்டிய பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தார்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. அந்த மாதிரிப் பட்டைதான் இதுவும்.

மறுநாள் மதியம் ரோஸ்லின் திருப்பூரிலிருந்து வீடியோவில் வந்தாள். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் வேலை. சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவாள். செல்லக்கனி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ரோஸ்லின் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள், பெரியவன் ஒன்பதாவதில் பாஸ் என்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் செல்லக்கனி போனைத் தன் பக்கம் திருப்பி, வராந்தாவுக்கு வந்து, அவருக்கு வலி இருப்பதாகத் தனக்குத் தோன்றுகிறது என்றாள்.

ரோஸ்லின் போனில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"என் போன்ல பச்சைதானக்கா காட்டுது."

"காட்டுது தாயி. ஆனா..."

"நான் தெனமும் அந்தப் பச்சையப் பாத்துட்டுத்தான் மெஷின்ல உக்காருதேன். அதுவும் இல்லன்னு சொல்லிராதிய."

செல்லக்கனி பேச்சைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினாள்.

திங்கட்கிழமை நவநீதன் வந்தான். பட்டை செய்கிற கம்பெனியின் இன்ஜினியர், சென்னைக்காரன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, லாட்ஜ் எடுத்துத் தங்கி, மாவட்டத்தில் இருக்கிற எல்லா இல்லத்துப் பட்டைகளையும் பார்த்துவிட்டுப் போவான். செல்லக்கனி டீயை அவன் மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். பதினாலாம் எண் பட்டை கெட்டுப்போயிருக்கிறது என்றாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். பட்டையில் கோளாறு எதுவும் இல்லை.

"அப்ப அவரு வலி அதுக்கு ஏன் தெரியல, தம்பி?"

"இந்தப் பட்டைக்கு வலின்னா என்னன்னு தெரியாதுக்கா. நாடி, வேர்வை, சதை எவ்வளவு இறுகியிருக்கு, இதத்தான் அளக்கும். ஒருத்தர் ஒடம்பு மாதிரி இன்னொருத்தர் ஒடம்பு இருக்காது இல்லையா? அதனால கட்டுன மொத மூணு நாள் சும்மா கவனிக்கும். இதுதான் இவரோட சாதாரண நிலைன்னு எடுத்துக்கும். அதுதான் அவரோட பூஜ்யம். அதுக்கு மேல போனாத்தான் ஆரஞ்சு, செவப்பு."

செல்லக்கனி யோசித்தாள். "அவர் வந்த அன்னைக்கே கட்டிட்டாவ."

"சரி."

"இடுப்பு ஒடஞ்சது அஞ்சாம் நாளுதான் தெரிஞ்சுது."

நவநீதன் டீயைக் கீழே வைத்தான். தேதிகளைத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. உடைந்த இடுப்போடு கிடந்து, புரட்டப்பட்ட மூன்று நாளைத்தான் பட்டை அவருடைய சுகம் என்று எழுதி வைத்திருந்தது. அந்த வலி அப்படியே இருக்கிறவரை பச்சைதான் எரியும்.

"மாத்திருங்க" என்றாள்.

"அழிச்சிட்டுப் புதுசா மூணு நாள் கத்துக்க விடலாம். ஆனா அந்த மூணு நாளும் அவருக்கு வலி இருக்கக் கூடாது."

"வலி இல்லாம இருக்கணும்னா மருந்து வேணும்."

"ஆமா."

"மருந்து வேணும்னா ஆரஞ்சு எரியணும்."

தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் சிறப்பு அனுமதி கிடைக்கும், குறைந்தது நாற்பது நாள் ஆகும் என்றான். சவரிமுத்துவுக்கு நாற்பது நாள் இல்லை என்பது டாக்டரில் இருந்து கூட்டுகிறவள் வரை எல்லாருக்கும் தெரியும். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல, வேறொரு ஊரில் இரண்டு பேருடைய பட்டை மாறிப்போன கதையைச் சொன்னான். பூஜ்யம் ஆளோடு போகாமல் பட்டையோடு போய்விட்டதாம்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அழித்த பட்டையை வலி இல்லாத வேறு ஆள் மூன்று நாள் கட்டிக்கொண்டால்?

"அது சரியான முறை இல்லக்கா. தெரிஞ்சா என் வேலை போயிடும்" என்றான். ஆனால் கிளம்பும்போது பதினாலாம் பட்டையை அழித்து, 'பராமரிப்பில்' என்று பதிந்து, மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

செல்லக்கனி எல்லாவற்றையும் சொன்னதும், அதை எடுத்து யாருக்குக் கட்டப்போகிறாய் என்று ஜெபராணி கேட்டாள்.

"எனக்குத்தான். எனக்கென்ன சிஸ்டர், நோக்காடு நொடி ஒண்ணும் கெடையாது. ஆறு வருசத்துல ஒரு நாள் லீவு போட்டிருப்பனா?"

ஜெபராணி பல வருடமாக அவளைப் பார்க்கிறாள். அது உண்மைதான்.

சவரிமுத்துவிடமும் கேட்க வேண்டியிருந்தது. பட்டையே இல்லாத இந்த மூன்று நாளும் அவருக்கு மருந்துக்கு வழியே இல்லை. செல்லக்கனி கட்டில் கம்பியைப் பிடித்து, ஒரு மூச்சை நிறுத்தி, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இடது கைக்குள் தன் விரலைக் கொடுத்தாள். ஒருமுறை அழுத்தினால் சரி, இரண்டு முறை என்றால் வேண்டாம். அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

"அண்ணாச்சி, மூணு நாளு. இன்னும் மூணே மூணு நாளு பல்லக் கடிச்சிக்கிடுங்க. பெறவு சரியாயிரும்."

ஒருமுறை அழுத்தினார். லோடுமேன் கை. அவள் விரல் வெளுத்துப் போயிற்று.

பட்டையைச் சட்டைக் கைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டாள். வழக்கம்போலவே இருந்தாள். ஒன்பது பேரைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டினாள். வீட்டுக்குப் போய்த் தெருக்குழாயில் எட்டுக் குடம் பிடித்தாள். வலக்கை தோளுக்கு மேல் போகாது என்பதால் துணியை இடக்கையாலேயே கொடியில் எறிந்தாள். அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான். அந்த மூன்று நாளும் ஒரு தலைவலிகூட வந்துவிடக் கூடாது என்று வெயிலில் தலையை மூடிக்கொண்டுதான் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பட்டையை அவர் கையில் கட்டினாள். ஜெபராணியும் பக்கத்தில் நின்றாள். விளக்கு இரண்டு தரம் மின்னிவிட்டு நின்றது.

பச்சை.

கொஞ்ச நேரம் ஆகுமாக்கும் என்று காத்திருந்தார்கள். புரட்ட வேண்டிய நேரம் வந்தது. புரட்டினாள். அவர் மூச்சு நின்றது, விரல்கள் மடங்கின, கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பட்டை பச்சையாகவே எரிந்தது.

நவநீதன் அன்று மதியமே வந்தான். பட்டையைக் கம்ப்யூட்டரில் மாட்டி எண்களைப் பார்த்தான்.

"பழசு முழுக்க அழிஞ்சிருக்கு. புதுசா சரியாத்தான் கத்திருக்கு" என்றான். பிறகு திரைக்குக் கிட்டே குனிந்தான். "இடுப்பு ஒடஞ்சப்போ இவரோட பூஜ்யம் அறுபத்தொண்ணு. இப்போ அம்பத்தெட்டு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். யாருக்குக் கட்டுனீங்க? வலி இல்லாத ஆளுக்குன்னுதானே பேச்சு?"

செல்லக்கனி சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடினாள்.

"அந்த ஆள் இப்ப ஆஸ்பத்திரியில இருக்காங்களா? இந்த நெலமையில ஒருத்தரால நிக்கவே முடியாதே."

ஜெபராணி மெல்லத் திரும்பிச் செல்லக்கனியைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, புதிதாகச் சேர்ந்த நோயாளியைப் பார்ப்பதுபோல. நவநீதன் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்தான். அவனுக்கும் புரிந்தது.

"எங்கக்கா வலிக்குது?" என்று கேட்டான்.

அவள் நிஜமாகவே தேடிப் பார்த்தாள். "தெரியலயே தம்பி" என்றாள். "இது சும்மா இருக்கறதுதான."

வேறு யார் கையில் கட்டுவது என்று யோசித்தார்கள். சமையல்காரி ராமக்காவின் கை முழுக்கத் தீக்காயம். வாட்ச்மேனுக்கு மூலம். ஜெபராணிக்கு முதுகில் தட்டு விலகிப் பெல்ட் போட்டிருக்கிறாள். இல்லத்தில் சம்பளம் வாங்குகிற பதினேழு பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. ராமக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள், "ஏசி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டுத ஆளு யாராச்சும் பாருங்க." சொன்ன பிறகுதான் நவநீதன் அங்கே நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நவநீதன் சிரிக்கவில்லை. "எனக்கு வலின்னா புது ஷூ கடிக்கிறதுதான்" என்றான். ஷூவைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான்.

அடுத்த மூன்று நாள் சவரிமுத்து மறுபடி பல்லைக் கடித்தார். செல்லக்கனியால் இந்தத் தடவை அவரிடம் கேட்க முடியவில்லை. சொல்ல மட்டும் செய்தாள். அவர் அவள் விரலை அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டை வந்தது. அதன் பூஜ்யம் ஒன்பது. கட்டிய நிமிடமே சிவப்பு எரிந்தது. ஆரஞ்சைத் தொடவே இல்லை. நர்ஸ் மேஜைக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரி, அவர் பேருக்கு மூன்று மாதம் திறக்காத அது, கிளிக் என்று திறந்துகொண்டது. டாக்டர் திரையில் பார்த்துப் பதறி உடனே மார்ஃபின் எழுதினார். குறைந்த அளவு, பார்த்துப் பார்த்து. அரை மணி நேரத்தில் சிவப்பு ஆரஞ்சாகி, பிறகு பச்சையானது.

செல்லக்கனி போர்வையை விலக்கிப் பார்த்தாள். ஐந்து விரல்களும் விரிந்து, தளர்ந்து, குழந்தையின் கால்போலக் கிடந்தன. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

அதற்குள் ரோஸ்லின் கூப்பிட்டுவிட்டாள். அவள் போனும் சிவப்பாகியிருந்தது.

"மூணு மாசமா நல்லா இருந்த மனுசன ஒரே நாள்ல என்ன பண்ணுனிய?" என்றாள். "நீங்க அன்னைக்கு வலி இருக்குன்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகந்தான். கீழ போட்டியளா அவர?"

மாலைக்குள் புகார் போய்விட்டது. மறுநாள் நிர்வாகத்திலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். பட்டையில் கோளாறா, ஆளுடைய தவறா என்பதுதான் கேள்வி. கோளாறு என்றால் பட்டையைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புவார்கள், புதுப் பட்டை கட்டுவார்கள். புதுப் பட்டை மூன்று நாள் கவனிக்கும். அந்த மூன்று நாளும் அவர் மருந்தில்லாமல் கிடப்பார். பிறகு பச்சை எரியும்.

செல்லக்கனி ஜெபராணியைத் தனியாகக் கூப்பிட்டாள். அவர்கள் பேசியது இரண்டு நிமிடம்.

"வேண்டாம், செல்லக்கனி. இந்த வேலைக்கு நீ வேற எங்கயும் போக முடியாது. கறுப்புப் பட்டியல்ல பேரு ஏறிரும்."

"அண்ணாச்சி கெடக்கற வரைக்கும் அந்தப் பட்டை அவர் கைல இருக்கணும் சிஸ்டர். வேற வழி இருந்தா சொல்லுங்க."

ஜெபராணிக்கு வேறு வழி தெரியவில்லை.

புரட்டும்போது தன் கை நழுவியதாகவும், அவர் இடுப்பு கட்டில் கம்பியில் மோதியதாகவும், பயந்து அதைச் சொல்லாமல் விட்டதாகவும் செல்லக்கனி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று விசாரிக்க வந்தவர் குறித்துக்கொண்டார். மாதம் முடியும்வரை கழிவறை சுத்தம் செய்கிற வேலை, அதன்பிறகு வர வேண்டாம் என்று உத்தரவு. சவரிமுத்துவைத் தொடக் கூடாது. வாசல் பலகையில் எண் 97.1க்கு இறங்கியது.

சவரிமுத்து அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். ஆரஞ்சு எரியும், அலமாரி திறக்கும், பச்சை எரியும். பழைய பச்சைக்கும் இந்தப் பச்சைக்கும் நிறத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. செல்லக்கனி வாளியைத் தூக்கிக்கொண்டு பதினாலாம் படுக்கையைத் தாண்டும்போதெல்லாம் போர்வை நுனியை மட்டும் பார்ப்பாள். ஒருநாள் அவர் இடது கையை லேசாகத் தூக்கி, காற்றில் ஒருமுறை விரல்களை மூடித் திறந்தார். அவள் வாளியை வைக்காமலே தலையாட்டிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, கஞ்சி கொண்டுபோனவள் வந்து சொன்னாள்.

ரோஸ்லின் மத்தியானம் வந்து சேர்ந்தாள். உடம்பைக் குளிப்பாட்ட ஆட்கள் வந்தபோது, "அந்தப் பொம்பள மட்டும் தொட வேண்டாம்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. வராந்தாவில் துடைப்பத்தோடு நின்றவளுக்குக் கேட்டது.

பிறகு ஜெபராணியிடம் கேட்டாள், "கடைசில ரொம்ப வலிச்சுதா சிஸ்டர்?"

"இல்லம்மா. கடைசி பதினோரு நாளும் வலி இல்ல."

ரோஸ்லின் அவளை வெறுப்போடு பார்த்தாள். "சிவப்ப நான் பாத்தேன்" என்றாள். "மொதல்ல இருந்த மூணு மாசந்தான் எங்கப்பா சொகமா இருந்தாவ. அத நெனச்சாத்தான் மனசு ஆறுது."

ஜெபராணி வாயைத் திறந்தாள். வராந்தாவிலிருந்து செல்லக்கனி தலையை மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்று. ஜெபராணி வாயை மூடிக்கொண்டாள்.

பட்டையை நிர்வாகம் கழற்றி எடுத்துக்கொண்டது. அழித்துவிட்டு அடுத்து வருகிறவருக்குக் கட்டுவார்கள்.

அன்றோடு மாதமும் முடிந்தது. செல்லக்கனி சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தாள். வெயில் இன்னும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் வைத்தாள். தூக்குவதற்கு ஒன்றுமில்லை, நடக்க வேண்டியதும் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

ஏதோ நினைத்துக் குனிந்து பார்த்தாள். அவளுடைய பத்து விரல்களும் உள்ளே மடங்கித் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன.

எவ்வளவு காலமாக இப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டிப் பெருவிரலைப் பிடித்து நிமிர்த்தினாள். அடுத்த விரலைத் தொடுவதற்குள் அது மறுபடி மடங்கிக்கொண்டது.